எதிர்வளைவு

“இழுங்க” என்றாள்.

அவள் கணவர், ஓய்வு பெற்ற டிரைவர், கயிற்றை இழுத்தார். சுவரில் அடித்திருந்த நீளப் பலகையின் உச்சியில் வில் படுத்திருந்தது. அதன் நாணில் மாட்டிய கயிறு, தரையோரக் கப்பிக்குள் புகுந்து, அறையைக் குறுக்கே கடந்து அவர் கைக்கு வந்தது. இழுக்க இழுக்க நாண் பலகையில் கீறிய அங்குலக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி இறங்கியது. வில்லின் இரண்டு கைகளும் வளைந்தன.

“பதினெட்டு. நில்லுங்க.”

நின்றார். கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி அவள் சுவரைப் பார்த்தாள். படுத்தால் மூச்சு விட முடியாது, அதனால் மூன்று தலையணைகள். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் வில்லை இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தாள்.

“இறக்குங்க. மேல் கையில, முனையிலருந்து நாலு விரல் கீழ, சுரண்டி வச்சு பத்து இழுப்பு. பத்துன்னா பத்து. போன தடவை பன்னெண்டு இழுத்தீங்க, நான் எண்ணினேன்.”

“எண்ணறதுக்கு மட்டும் மூச்சு இருக்கு உனக்கு.”

“பேசறதுக்கும் இருக்கு. சீக்கிரம்.”

பத்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் எந்த அறை என்று கேட்டார்கள். டிரைவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், “பின்னாடி ரூம்.” அது அவளுடைய பட்டறை. மரத்தூள், பசை டப்பா, இடுக்கிகள், ஜன்னலோரம் நிறுத்தி வைத்த பலகைகள். அவளுடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நுரையீரல்ல தண்ணி கட்டினவளைத் தூசிக்குள்ளயா படுக்கப் போடுவாங்க?

“இருபத்தேழு வருஷம் தின்ன தூசி அண்ணே. இன்னும் பத்து நாள் தின்னா குறைஞ்சா போயிடும்” என்றாள்.

இருபத்தேழு வருஷம் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். நாற்காலிக் கால்களுக்கும் முதுகுகளுக்கும் அச்சு வெட்டுகிற பிரிவு. அங்கே அவளுக்கு ரம்பம் என்று பெயர். பட்டையாகச் சுழலும் ரம்பத்தில் நின்று வேலை செய்ததால் ஒரு பாதி. வில்லைப் பற்றி ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டாள் என்பதால் மறுபாதி. வில் எங்கிருந்து வந்து தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. நாற்பது வயதில் ஒரு நாள், வளைந்த நாற்காலி முதுகுப் பட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, “இது எவ்வளவு இழுத்தா உடையும்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து டிரைவர் கயிறு இழுக்கிறார்.

“முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டீயரிங் திருப்பின தோள்” என்பாள் வருகிறவர்களிடம். “ஓய்வு வாங்கி சும்மா கெடக்கு. நமக்கு உதவட்டும்.”

பத்து இழுப்பு சுரண்டினார். ரொட்டித் தூள்போல மரம் உதிர்ந்தது. திரும்ப நாணேற்றிப் பலகையில் வைத்தார். நாணேற்றுவதே பெரும்பாடு. இந்த வில் மற்ற வில் போல இல்லை. நாணைக் கழற்றினால் நேராக நிற்காது. எதிர்ப்பக்கமாக வளைந்து நிற்கும். நாணேற்ற வேண்டுமானால் அது வளைந்திருக்கிற பக்கத்துக்கு நேர் எதிராக மடக்க வேண்டும். இப்படியொரு வில்லுக்கு முதல் தடவை அவர் நாணேற்ற முயன்றபோது அது திமிறி, முழங்காலில் அடித்துத் தரையில் குதித்தது. வாசலில் நின்று பார்த்த மகள், “அம்மா மாதிரியேதான்பா. எல்லாரும் இந்தப் பக்கம் வளைஞ்சா அது அந்தப் பக்கம் வளையும்” என்று சிரித்தாள். அது பழைய கதை. மகள் இந்த அறைக்குள் கால் வைத்து மூன்று வருஷம் ஆகிறது.

“மாப்பிள்ளை.” அண்ணன் மருந்துக் குப்பியோடு வாசலில் நின்றார். “நீங்களாவது சொல்லக் கூடாதா? டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.”

“அசையறது நான்தானே மச்சான். அவ படுத்துட்டுதான் இருக்கா.”

“அண்ணே, வெளிச்சத்தை மறைக்காத” என்றாள் அவள்.

அவர் மருந்தை மேசையில் வைத்துவிட்டு, கேட்கும்படியாக ஒரு பெருமூச்சு விட்டுப் போனார்.

“பாப்பா எப்ப வர்றா?” என்று கேட்டாள்.

“ஆறு மணிக்கு. கடை மூடிட்டு நேரா வரேன்னா.”

“அதுக்குள்ள இருபத்தெட்டு வந்துடணும்.”

இருபத்தெட்டு அங்குலம் என்பது மகளுடைய இழுப்பு. அவள் கை நீளத்துக்கு நாண் தாடையைத் தொடுகிற இடம். மூன்று வருஷம் முன்னால், வில்வித்தை கிளப் மைதானத்தில், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மகள் இருபத்தேழை எட்டியதும்தான் முந்தைய வில் உடைந்தது. உடைந்த துண்டு புருவத்துக்கு மேலே கிழித்தது. ஆறு தையல். ரத்தம் வழிகிற மகளை டிரைவர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் புல்லில் குனிந்து துண்டுகளைத் தேடி எடுத்தாள். எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மகளிடம் சொன்னது ஒரே வார்த்தை: “முனை சரிதான். நடுவுலதான் தப்பு.”

அந்த வார்த்தையை மகள் மறக்கவில்லை. பேசாமல் இருந்துவிடவில்லை, வருவாள், போவாள், மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். வில் மட்டும் பேச்சில் வராது. கிளப்பில் ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நார் வில்லை எடுத்துக்கொண்டாள். கிளப் செயலாளர் வாயிற்கதவில் ஒரு பலகை மாட்டினார்: எதிர்வளைவு மர வில்லுக்கு அனுமதி இல்லை. அந்த ஊரில் எதிர்வளைவு மர வில் செய்கிற ஆள் ஒருத்திதான். பலகையில் பெயர் மட்டும்தான் எழுதவில்லை.

“இருபது” என்றாள் இப்போது. “நில்லுங்க. சத்தம் ஏதாவது கேக்குதா?”

“என் முதுகெலும்புதான் கேக்குது.”

“அது பழைய சத்தம். மரத்தைச் சொல்லுங்க.”

மரம் பேசவில்லை. பிடியருகே மூன்று விரல் அகலம். அங்கிருந்து அடிக்கோல் வைத்துக் கீறியதுபோல நேராக ஒடுங்கி, முனையில் சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொரு கையும் ஒரு நீள முக்கோணம். இந்த வடிவத்துக்காக எத்தனை பலகை பாழாயிற்று என்று டிரைவருக்குத்தான் தெரியும். அவருக்கும் அவள் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். நாணை விட்டதும் வில்லுக்குள்ளே சேர்ந்த பலம் ரெண்டு பேருக்குப் பங்கு போகுது, அம்புக்கும் வில்லோட கைக்கும். முனை கனமா இருந்தா அதைத் தூக்கி எறியறதுக்கே பாதி போயிடும், அம்புக்கு மிச்சம்தான். அதனால முனை மெலிஞ்சு இருக்கணும். மெலிஞ்சா போதுமா? எதிர்வளைவு வில்லு நாணேத்தினாலே பாதி இழுத்த மாதிரி. சும்மா நிக்கும்போதே அதுக்கு வலி. அந்த வலியை ஒரு இடத்துல சேர விடக் கூடாது. போன வில்லுல பாதி தூரம் ஒரே அகலம் வச்சு, அதுக்கப்புறம் சட்டுனு ஒடுக்கிட்டேன். அந்தத் திருப்பத்துல போய் வலி எல்லாம் நின்னுடுச்சு. ஒவ்வொரு இஞ்சும் தன் பங்கை வளையணுங்க. ஒருத்தன் சும்மா நின்னா பக்கத்துல இருக்கறவன் முறிஞ்சிடுவான்.

செயலாளரிடமும் இதையேதான் போய்ச் சொன்னாள். அவர், “அக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா கண்ணு போச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்றார். “நான்” என்றாள். அவர் கதவைச் சாத்தினார்.

“இருபத்தொண்ணு” என்றாள். குரல் தேய்ந்திருந்தது. “இன்னும்.”

“கொஞ்சம் படு. அப்புறம் பாக்கலாம்.”

“அப்புறம் எப்ப? இழுங்க.”

இழுத்தார். நாண் இருபத்திரண்டைத் தொட்டது. ஜன்னல் வெளிச்சம் வில்லின் வயிற்றில் வழுக்கிப் போனது.

“நில்லுங்க. மேல் கை நல்லாருக்கு. வட்டமா வருது பாருங்க. கீழ் கை...”

அவர் நின்றார். அவள் பார்க்கிறாள் என்று நினைத்தார். சில நேரம் வெகுநேரம் பார்ப்பாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும். அவரும் கீழ் கையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தெருவில் எவரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். அவருடைய முன்கை நடுங்க ஆரம்பித்தது.

“கீழ் கை என்ன?” என்றார்.

பதில் இல்லை.

“ஏய். கை கடுக்குது. கீழ் கை என்னன்னு சொல்லு.”

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே தெரிந்தது. பத்து நாளாக அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம், அவளுடைய மூச்சு உள்ளே போகும்போது வருகிற கரகரப்பு, இல்லை.

கையில் நாற்பது பவுண்டு பாரம். கயிற்றைக் கட்டி வைக்க ஒரு ஆணிகூட அந்த அறையில் கிடையாது. அடிக்க வேண்டும் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டார். “அடிச்சா கட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க, வில்லு அப்படியே கெடந்து குனிஞ்சு போயிடும்” என்று மறுத்துவிட்டாள். விட்டுவிடவும் முடியாது. இழுத்த வில்லைச் சட்டென்று விட்டால் அதுவே தன்னை உடைத்துக்கொள்ளும்.

டிரைவர் கயிற்றை இறக்கினார். இருபத்தொன்று. இருபது. ஒரு கை மாற்றி ஒரு கையாக. பத்தொன்பது. கண்ணில் நீர் நிறைந்து கோடுகள் கலங்கின, எண்ணிக்கையை விடவில்லை. பதினைந்து. பத்து. நாண் தன் இடத்துக்கு வந்து நின்றது. கொக்கியைக் கழற்றினார். வில்லை எடுத்து, முழங்காலில் முட்டுக் கொடுத்து, நாணைக் கழற்றி, மேசைமேல் துணி விரித்து அதில் வைத்தார். பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினார்.

அவள் கண் திறந்தே இருந்தது. ஒரு கண் மட்டும்.

*

மகள் ஆறு மணிக்கு வரவில்லை. ஒன்றரை மணிக்கே வந்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அறையிலிருந்து அப்படியே, நீல மேலங்கியோடு. அம்மாவை முன் அறைக்கு மாற்றியிருந்தார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் விரல் நகங்களுக்குள் இருந்த மரத்தூளைத் தன் நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒரு கை முடிந்ததும் மறு கை.

“கடைசி நேரத்துல என்ன சொன்னா?” என்று அண்ணன் கேட்டார்.

“கீழ் கைன்னா” என்றார் டிரைவர்.

“என்னது?”

“வில்லோட கீழ் கை.”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கடவுளே. கட்டின புருஷன், பெத்த பொண்ணு, கூடப் பொறந்தவன், ஒருத்தர் ஞாபகமும் வரலையா? மரக்கட்டைதான் வந்துச்சா? நான் அப்பவே சொன்னேன். அந்த ரூமைப் பூட்டுங்கன்னு சொன்னேன். பூட்டியிருந்தா இன்னும் பத்து நாள் இருந்திருப்பா.”

மகள் நகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் எடுப்பதென்று முடிவாயிற்று. காலையில் தொழிற்சாலை ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போதாமல் நின்றார்கள். எட்டு மணிக்குச் செயலாளர் வந்தார்; வழுக்கைத் தலை, எப்போதும் இடுங்கிய தோள், கையில் வெள்ளைப் பூங்கொத்து. உண்மையிலேயே வருந்தினார். அவர் கண் சிவந்திருந்தது. டிரைவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார்.

“அண்ணே, நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். அக்காவுக்கு நாம ஏதாவது செய்யணும். அந்தக் கடைசி வில்லு இருக்காமே?”

“இருக்கு.”

“அதை நம்ம கிளப் ஹால்ல மாட்டிடலாம். கண்ணாடி போட்டு, பக்கத்துல அக்கா போட்டோ வச்சு. யாரும் தொட மாட்டாங்க, இழுக்க மாட்டாங்க. பத்திரமா இருக்கும்.”

டிரைவர் அவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில், பிரேக் போட்டதற்காகத் திட்டிய பயணிகளைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற பார்வை.

“மூணு வருஷமா கேட்டுக்குள்ள விடல. இப்ப ஹால்ல மாட்டறீங்களா?”

“அண்ணே, அது பாதுகாப்புக்கு...”

“அவ என்ன காலண்டரா செஞ்சா, மாட்டி வைக்கறதுக்கு? வில்லு செஞ்சா. வில்லுன்னா அம்பு விடணும்.” குரல் உயர்ந்தது. முன் அறையிலிருந்து தலைகள் திரும்பின. “இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்ட்ல இருங்க.”

“இன்னிக்கா? அண்ணே, இன்னிக்கு அக்காவை...”

“எடுத்துட்டு வரேன். அவளை எடுத்துட்டு, அதை எடுத்துட்டு வரேன். உங்க பலகையையும் கழட்டி வைங்க, இல்லேன்னா நானே கழட்டுவேன்.”

செயலாளர் பூங்கொத்தை வைக்க உள்ளே போனார்.

டிரைவர் பின் அறைக்குப் போனார். கட்டிலில் மூன்று தலையணைகளும் அப்படியே இருந்தன. வில்லுக்கு நாணேற்றினார். பலகையில் வைத்துக் கயிற்றை மாட்டி, தன் இடத்துக்கு வந்து இழுத்தார். இருபத்திரண்டு. கீழ் கையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இறக்கினார். திரும்ப இழுத்தார். கப்பி கிறீச்சிட்டது.

அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். “மாப்பிள்ளை, உங்களுக்குப் பித்துப் பிடிச்சிடுச்சா? வீட்ல பொணம் கெடக்கு. வந்தவங்க எல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு உக்காந்திருக்காங்க. ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“என் தங்கச்சி சாவுல...”

“உங்க தங்கச்சி சொல்லிட்டிருந்த வாக்கியம் பாதியில நிக்குது மச்சான். அதை முடிக்காம நான் அவளை எடுக்க விடமாட்டேன்.”

“பெரியமாமா, கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்று ஒரு குரல்.

மகள். நீல மேலங்கியை மாற்றியிருந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்ததை அப்போதுதான் கண்டாள். உடைந்த வில். இரண்டு துண்டுகளையும் பொருத்திக் கம்பியால் கட்டியிருந்தது. முனையிலிருந்து முனை வரை, ஒவ்வொரு அங்குலத்துக்கும் பென்சிலில் அகலமும் தடிமனும். அழித்து, திருத்தி, மேலே எழுதி. முறிந்த இடத்தில் மட்டும் எண் எதுவும் இல்லை. விரல் தேய்ந்து மரம் கறுத்திருந்தது.

அதைத் தொட்டாள். கை தானாகப் புருவத்துக்குப் போய் இறங்கியது.

“இதை ஏன் தூக்கிப் போடல?”

“தினம் எடுத்துப் பாப்பா” என்றார் டிரைவர். “காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி.”

மகள் போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். தலையணைகளில் சாயவில்லை.

“இழுங்கப்பா.”

இழுத்தார். இருபத்திரண்டு.

அவள் பார்த்தாள். இடமிருந்து வலம். கண்ணை மூடவில்லை, இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

“கீழ் கை. பிடியிலருந்து ஒரு சாண் தள்ளி. அங்க வளையல, சும்மா நிக்குது. பக்கத்துல இருக்கற இஞ்சு ரெண்டு பங்கு வளையுது.”

“எனக்குத் தெரியலையே.”

“நான் நாள் முழுக்க வளைவு பாத்துச் சம்பளம் வாங்கறேன்பா. முடி அகலம் தப்புன்னாலும் ஒருத்தருக்குத் தலைவலி வந்துடும். இறக்குங்க.”

டிரைவர் சுரண்டியை எடுத்தார்.

“எத்தனை இழுப்பு?”

மகள் யோசித்தாள். “எட்டு. எட்டு போட்டுட்டுப் பாக்கலாம்.”

சுரண்டல் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. முன் அறையில் பேச்சு நின்றது. அண்ணன் அங்கேயே நின்றிருந்தார். பிறகு உள்ளே வராமல், கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனார். கோபத்தில் சாத்தினாரா, மறைப்பதற்காகச் சாத்தினாரா என்று டிரைவருக்குப் புரியவில்லை.

மரம் பழகட்டும் என்று இருபத்திரண்டில் முப்பது தடவை இழுத்தார். இருபத்து நாலு. ஐந்து இழுப்பு சுரண்டல். இருபத்து நாலில் முப்பது தடவை. டிரைவரின் சட்டை முதுகோடு ஒட்டியது. வந்திருந்தவர்களில் தொழிற்சாலைக்காரப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இரண்டு டம்ளர் டீயை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். இருபத்தாறு. மகள் எழுந்து வில்லுக்குப் பக்கத்தில் போய், முதுகுப் பக்கம் ஏதாவது இழை கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவினாள்.

“முகத்தைத் தள்ளி வச்சுக்க” என்று கத்தினார்.

“வச்சிருக்கேன்பா.”

“இன்னும் தள்ளு.”

அவள் தள்ளினாள். இருபத்தேழுக்கு வந்தார்கள். மகள் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, முதுகு சுவரில் முட்ட நின்றாள். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நாண் கோட்டைத் தாண்டியது. இருபத்தெட்டு. இரண்டு கைகளும் ஒரே வட்டத்தின் இரண்டு துண்டுகளாக நின்றன. எங்கேயும் ஒரு முடிச்சு இல்லை, ஒரு மூலை இல்லை.

“இறக்குங்க” என்றாள் மகள். டிரைவர் அங்குலம் அங்குலமாக இறக்கினார்.

பன்னிரண்டு மணிக்கு அவளை எடுத்தார்கள்.

*

ஐந்து மணிக்கு மைதானத்தில் காற்று அடங்கியிருந்தது. இரண்டு பேரும் காலையில் போட்ட உடையிலேயே வந்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை. “நான் அந்தப் பாவத்துக்குச் சாட்சி நிக்க மாட்டேன்” என்று திண்ணமாகச் சொல்லிவிட்டார்.

வாயிற்கதவில் பலகை அப்படியே இருந்தது. செயலாளர் கதவுக்கு உட்புறம் நின்றிருந்தார்.

“அண்ணே, கமிட்டியைக் கேக்காம நான் கழட்ட முடியாது.”

டிரைவர் பையிலிருந்து அவளுடைய திருப்புளியை எடுத்தார். நான்கு திருகு. நான்கையும் நிதானமாகக் கழற்றினார். செயலாளர் தடுக்கவில்லை. பலகை கையோடு வந்ததும் அதைத் திருப்பி, எழுத்து தெரியாதபடி மதிலில் சாய்த்து வைத்தார். திருகுகளைச் செயலாளர் கையில் கொடுத்தார்.

“கமிட்டி கேட்டா என் பேரைச் சொல்லுங்க.”

மைதானத்தின் ஓரத்தில் அம்பைத் தூரமாக எய்வதற்கான நீண்ட புல்வெளி இருந்தது. நூற்றைம்பது கஜத்தில் சிவப்புக் குச்சி. கிளப்பில் மர வில்லால் யாரும் அதைத் தாண்டி எய்ததில்லை. நூற்றுத் தொண்ணூறில் மஞ்சள் குச்சி. அது கண்ணாடி நார் வில்லுக்கு. அதற்கப்பால் வெட்டாத புல், அதற்கப்பால் ரயில்வே வேலி.

செயலாளர் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினார். “இதையாவது போட்டுக்கம்மா.”

மகள் அதை வாங்கி, லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல வளைவு தப்பு சார். தூரத்துல இருக்கறது ரெண்டாத் தெரியும்.” திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொண்டுதான் வந்திருந்தாள்.

முதலில் பாதி இழுப்பு. அம்பு பக்கத்தில் விழுந்தது. அடுத்து முக்கால். அம்பு விடும்போது கையில் அதிர்வே இல்லை என்பதை அவள் விரல் பிரிகிற விதத்திலேயே டிரைவர் கண்டார். கண்ணாடி நார் வில்லை விட்டதும் மணிக்கட்டை உதறுவது அவள் வழக்கம். இப்போது உதறவில்லை. கையை ஒரு தடவை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது அம்பை மாட்டினாள்.

“பாப்பா” என்றார் டிரைவர். “வேணாம்னா விட்டுடு. சுவர்ல வந்துடுச்சே, போதும்.”

“சுவருக்கா செஞ்சாங்க?”

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

வில்லை வானம் பார்க்கச் சாய்த்தாள். இழுத்தாள். இருபது. இருபத்து நாலு. டிரைவருடைய விரல்கள் தம்மை அறியாமல் காற்றைப் பற்றி மடங்கின. இருபத்தாறு. நாண் உதட்டைக் கடந்தது. இருபத்தேழில் அவள் தோள் ஒரு கணம் நின்றது. புருவத்துக்கு மேலே அந்த வெள்ளைக் கோடு ஏறி இறங்கியது. வில் எதிரே நின்றது; உடையவில்லை, முனகவில்லை. இன்னும் ஒரு அங்குலம் இழுத்தாள். தாடையில் நாண் பதிந்தது.

விட்டாள்.

அம்பு போனது யாருக்கும் தெரியவில்லை. ஒரு சத்தம் கேட்டது, துணியைக் கிழித்ததுபோல. பிறகு வானத்தில் ஒரு கோடு, பிறகு அதுவும் இல்லை.

மகள் வில்லை இறக்கினாள். நாணைக் கழற்றிப் புல்லில் பையிலிருந்த துணியை விரித்து அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே புகுந்திருந்த ஒரு கல்லைத் தட்டினாள். கல் விழுந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். டிரைவர் அவள் தலைக்கு மேலே கையை நீட்டினார்; வைக்கலாமா என்று தயங்கி, வைத்தார்.

செயலாளர் நாடாச் சுருளை எடுத்துக்கொண்டு அம்பைத் தேடிப் புறப்பட்டார். சிவப்புக் குச்சி வரைக்கும் வேகமாக நடந்தார். அங்கே நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு நடந்தார். வழுக்கைத் தலையில் வெயில் பட்டது. குனிந்து புல்லை விலக்கினார், நிமிர்ந்தார், இன்னும் கொஞ்ச தூரம் போனார். மஞ்சள் குச்சியிடம் வந்து, இடுப்பில் கை வைத்து, இவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பிறகு கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வெட்டாத புல்லுக்குள் இறங்கி, வேலியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.